எட்டு க்யூபிட்டின் நிலையை அளக்க எந்த முறை?

2005-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் ஹெஃப்னரும் ரைனர் பிளாட் குழுவினரும் எட்டு கால்சியம் அயனிகளை (ஒவ்வொன்றும் ஒரு க்யூபிட், அதாவது குவாண்டம் பிட்) பொறிக்குள் வரிசையாக நிறுத்தி, ‘டபிள்யூ’ எனப்படும் பின்னிய நிலைக்கு, தனித்தனியே விவரிக்க முடியாதபடி பிணைந்த நிலைக்கு, கொண்டுவந்தார்கள். வந்தது அந்த நிலைதானா என்று காட்ட முழு டோமோகிராஃபி, அதாவது பல கோணங்களில் அளந்து நிலையை முழுதாக மீட்பது, செய்தார்கள். ஒவ்வோர் அயனியையும் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று அச்சுகளில் ஒன்றில் அளக்கலாம் என்பதால் எட்டு அயனிக்கு 3⁸, அதாவது 6561 செட்டிங் (அச்சுத் தேர்வுகள்). செட்டிங்குக்கு 100 ஷாட் (நிலையை ஒருமுறை தயாரித்து அளப்பது ஒரு ஷாட்) வீதம் மொத்தம் 6,56,100 ஷாட். சுமார் 10 மணி நேரம் பிடித்தது. கடைசியில் கிடைத்த ஃபிடெலிட்டி, அதாவது இலக்கு நிலையோடு உள்ள ஒற்றுமை, சுமார் 0.72.

பெரிய சாதனைதான். ஆனால் இன்று எட்டு க்யூபிட் கையில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி மாணவர் அதையே செய்ய வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம் என்பேன். மாற்று வழிகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கேள்விக்கே விடை சொல்லும். ‘என் கையில் இருக்கும் நிலை என்ன?’ என்பது கேட்க நன்றாக இருந்தாலும் அளக்கத் தகுந்த கேள்வியாக அநேகமாக இருப்பதில்லை. ‘நான் செய்ய நினைத்த நிலைக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது?’, ‘மூன்றாவது க்யூபிட்டுக்கும் ஆறாவதுக்கும் ஒட்டுறவு (அளவீட்டு விடைகளுக்கு இடையே தொடர்பு) உண்டா?’, ‘பிழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?’ ஆகிய மூன்றுக்கும் மூன்று வேறு முறைகள் இருக்கின்றன. கேள்வியை எழுதி வைக்காமல் முறையைத் தேர்ந்தெடுத்தால் இயந்திர நேரம்தான் வீணாகும்.

எல்லா முறைக்கும் பொதுவான தடை ஒன்று உண்டு. ஒரு குவாண்டம் நிலையை ஒருமுறை அளந்தால் க்யூபிட்டுக்கு ஒரு 0 அல்லது 1 கிடைக்கும். அதோடு அந்த நிலை போய்விடும். அளப்பதற்கு முன் நகலெடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. அதை வூட்டர்ஸும் ஸூரெக்கும், தனியாக டீக்ஸும் 1982-இலேயே நிறுவிவிட்டார்கள். ஆகவே ஒரே நிலையை மறுபடி மறுபடி தயாரித்து, ஒவ்வொரு தடவையும் வேறு கோணத்தில் அளந்து, புள்ளிவிவரத்திலிருந்து நிலையைக் கட்டி எழுப்ப வேண்டும். ‘ஒரே நிலையைத் திரும்பத் திரும்பத் தயாரிக்கிறேன்’ என்பதே ஓர் ஊகம் என்பதை மறக்க வேண்டாம். பத்து மணி நேரத்தில் லேசரும் காந்தப்புலமும் கொஞ்சமாவது நகரும்.

முழு டோமோகிராஃபி

நிலையின் முழு விவரமும் அடர்த்தி அணி எனப்படும் எண்களின் சதுர அட்டவணையில் இருக்கிறது. ஒரு க்யூபிட்டுக்கு 3 எண்கள், இரண்டுக்கு 15, எட்டுக்கு 65,535. க்யூபிட் ஒன்று கூடினால் நான்கு மடங்கு. இன்ஸ்புரூக் வேகத்தையே வைத்துக்கொண்டு 14 க்யூபிட்டுக்குப் போனால் செட்டிங் 729 மடங்காகும். பத்து மணி நேரம் 7290 மணி நேரமாகும். ஏறத்தாழ 300 நாள், இடைவிடாமல்.

இது இயந்திரத்தின் மந்தம் அல்ல. எட்டு க்யூபிட்டின் நிலை வெளிக்குப் பரிமாணம் 2⁸, அதாவது 256 என்றால், எந்த நிலையாக இருந்தாலும் துல்லியமாக மீட்பதற்குத் தேவைப்படும் பிரதிகள் 256-இன் வர்க்கத்தைப் போல் வளரும் என்பது 2016 வாக்கில் நிறுவப்பட்டது. அதுவும் பல பிரதிகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் அளக்கும் வசதி இருந்தால்தான். நாம் எல்லோரும் செய்வதுபோல் ஒவ்வொன்றாக அளந்தால் வர்க்கம் போய் மூன்றாம் அடுக்காகிவிடும். இயந்திரம் எத்தனை வேகமானாலும் இந்தச் சுவர் அப்படியே நிற்கும்.

இரண்டு க்யூபிட்டுக்கு நிலைமையே வேறு. ஒன்பது செட்டிங், செட்டிங்குக்கு 1000 ஷாட் என்றால் 9000 ஷாட்டில் வேலை முடிந்தது. ஜேம்ஸ், குவியாட், மன்ரோ, வைட் ஆகியோர் 2001-இல் ஒளித்துகள் ஜோடிகளுக்காக வகுத்த 16 அளவீட்டு முறை இன்றும் மாணவர்களின் முதல் பயிற்சி. மூன்று, நான்கு க்யூபிட் வரை முழு டோமோகிராஃபி செய்யாமல் விடுவதற்கு நான் காரணம் எதையும் பார்க்கவில்லை.

ஷாட்டுகள் எப்படிப் பங்கு பிரிகின்றன என்பதையும் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. 6561 செட்டிங்கில் 100 ஷாட் எடுத்தால், ஒரே ஒரு க்யூபிட்டின் இசட் சராசரிக்கு 2187 செட்டிங்குகளின் தரவு உதவுகிறது. அதாவது 2,18,700 ஷாட். திட்டப்பிழை, அதாவது தற்செயல் ஏற்ற இறக்கத்தின் அளவு, 0.002. ஆனால் எட்டு க்யூபிட்டும் சேர்ந்த ஒட்டுறவு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு செட்டிங்கின் 100 ஷாட்தான். அங்கே திட்டப்பிழை 0.1 வரை போகும். எட்டு க்யூபிட் ஒட்டுறவுகள் 6561, ஏழு க்யூபிட் ஒட்டுறவுகள் 17,496. அணியில் இருக்கும் எண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரைச்சல் மிகுந்த மேல்தட்டில்தான் இருக்கிறது. முப்பரிமாணத் தூண்களாக அந்த அழகான அணி வரைபடத்தைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கணக்குப் போடும் இடத்தில் ஒரு சண்டை

தரவு வந்தபின் அதை அணியாக மாற்றுவதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. இங்கேதான் ஆராய்ச்சியாளர்களுக்குள் நிஜமான கருத்து வேறுபாடு. ஒரே க்யூபிட்டை வைத்தே பார்க்கலாம்.

இலக்கு நிலை, எக்ஸ் அச்சுக்கும் இசட் அச்சுக்கும் நடுவே 45 பாகையில் நிற்கும் நிலை என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்கு 100 ஷாட். இசட்டில் 90 முறை ‘0’, எக்ஸில் 84 முறை ‘+’, ஒய்யில் 47 முறை ‘+’ என்று வந்திருக்கிறது. சராசரிகள்: இசட் 0.80, எக்ஸ் 0.68, ஒய் −0.06. மூன்றையும் திசையனாக எழுதினால் அதன் நீளம் 1.05. இயற்பியல் அனுமதிப்பதோ 1 ஆரமுள்ள, ஒரு க்யூபிட்டின் நிலைகளையெல்லாம் அடக்கும் ப்ளாக் கோளத்துக்குள் இருக்கும் திசையன்களை மட்டும். அணியாக எழுதினால் ஓர் ஐகன் மதிப்பு (நிகழ்தகவாக இருக்க வேண்டிய எண்) 1.026, இன்னொன்று −0.026. நிகழ்தகவு எதிர்மறையில் வருகிறது! இலக்கோடு ஃபிடெலிட்டி கணக்கிட்டால் 1.02. நூற்றுக்கு நூற்றிரண்டு மதிப்பெண்.

எங்கும் தவறு நடக்கவில்லை. நூறு ஷாட்டின் ஏற்ற இறக்கம் இவ்வளவு இருக்கும். இப்படிச் சராசரிகளை அப்படியே அணியில் போடுவது நேரியல் மதிப்பீடு. அது தரும் அணி விசித்திரமாக இருக்கலாம். ஆனால் பக்கச்சார்பு கிடையாது. சோதனையைப் பலமுறை செய்து சராசரி எடுத்தால் உண்மையில்தான் போய் நிற்கும்.

இரண்டாவது வழி, ஹ்ராடில் 1997-இல் முன்வைத்த மேக்ஸிமம் லைக்லிஹுட். ‘அனுமதிக்கப்பட்ட நிலைகளுக்குள், இந்தத் தரவு வருவதற்கு அதிக வாய்ப்புத் தரும் நிலை எது?’ என்று தேடுவது. நம் உதாரணத்தில் அது கோளத்தின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஐகன் மதிப்புகள் 1, 0. பார்க்கச் சுத்தமாக இருக்கும், கட்டுரையில் போடலாம். ஆனால் அந்த 0 என்ன சொல்கிறது? ‘எதிர் நிலை ஒருபோதும், எத்தனை கோடி முறை அளந்தாலும் வராது’ என்கிறது. முந்நூறு ஷாட்டை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? 2010-இல் ராபின் ப்ளூம்-கொஹூட் எழுப்பிய ஆட்சேபம் இதுதான். அவர் பரிந்துரைத்தது மூன்றாவது வழி: பேய்ஸ் முறையில், தரவோடு ஒத்துப்போகும் எல்லா நிலைகளுக்கும் எடை போட்டுச் சராசரி எடுப்பது. விடை கோளத்துக்குள்ளேயே இருக்கும், பிழை எல்லையும் கூடவே வரும். ஆனால் தொடக்க எடையை எப்படி வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். க்யூபிட் கூடக் கூடக் கணினி திணறும்.

மேக்ஸிமம் லைக்லிஹுட்டின் மீது இன்னொரு குற்றச்சாட்டு 2015-இல் வந்தது. அதுதான் என் மனத்தை மாற்றியது. ஷ்வெம்மரும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது இது: அணியை இயற்பியலுக்கு உட்பட்டதாக வலிந்து திருத்தும் முறைகள், தரவு குறைவாக இருக்கும்போது, ஃபிடெலிட்டியைக் குறைத்தும் பின்னலைக் கூட்டியும் காட்டுகின்றன. ஒரே பக்கம் சாயும் பிழை என்பதால் அதே தரவிலிருந்து மறுபடி மறுபடி மாதிரி எடுத்துப் போடும் பிழைக் கோடுகள் அதைப் பிடிக்காது. பின்னல் இருக்கிறது என்று நிறுவத்தான் சோதனையே செய்கிறோம் என்றால், பின்னலைக் கூட்டிக் காட்டும் கருவியை நம்பி எப்படி அறிவிப்பது?

ஆகவே நான் சொல்வது: படத்துக்கு மேக்ஸிமம் லைக்லிஹுட், எண்ணுக்கு நேரியல் மதிப்பீடு. ஃபிடெலிட்டி போன்ற நேரியல் அளவுகளை நேரடியாகச் சராசரிகளிலிருந்து கணக்கிடுங்கள். 1.02 ± 0.03 என்று வந்தால் அப்படியே எழுதுங்கள். நடுவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஒரு க்யூபிட், இரண்டு க்யூபிட்டோடு நிற்பவர்களுக்கு பேய்ஸ் முறை இவை இரண்டையும்விட நல்லது; அங்கே கணக்குச் செலவு பொருட்டல்ல.

கணக்கு வேகம் இன்று பெரிய தடையில்லை. எதிர்மறை ஐகன் மதிப்புள்ள அணியிலிருந்து மிக அருகிலிருக்கும் சரியான அணிக்குத் தாவும் விரைவு வழியை 2012-இல் ஸ்மோலின், கம்பெட்டா, ஸ்மித் மூவரும் கொடுத்துவிட்டார்கள். எட்டு க்யூபிட் அணி 256-க்கு 256. நினைவகத்தில் ஒரு மெகாபைட். அளப்பதுதான் கஷ்டம்.

ஊகத்தை விலையாகக் கொடுத்து ஷாட்டை மிச்சம் பிடிப்பது

நிலையைப் பற்றி ஏற்கெனவே ஏதாவது தெரியும் என்றால் அளவீட்டைக் குறைக்கலாம். என்ன தெரியும் என்பதைப் பொறுத்து இரண்டு வழிகள்.

முதலாவது, ‘என் நிலை கிட்டத்தட்டத் தூயது; அணியின் தரம் (ரேங்க், அதாவது பூச்சியமல்லாத ஐகன் மதிப்புகளின் எண்ணிக்கை) குறைவு’ என்ற ஊகம். கிராஸும் நண்பர்களும் 2010-இல் காட்டியபடி, அப்போது எல்லா பௌலி சராசரிகளும் (எக்ஸ், ஒய், இசட் விடைகளைப் பெருக்கி எடுக்கும் சராசரிகள்) வேண்டாம். குலுக்கிப் போட்டு எடுத்த ஒரு பகுதியே போதும். இது வெறும் காகிதக் கணக்கில்லை. அயனிப் பொறியில் ஏழு க்யூபிட்டில் ஒரு பிழைதிருத்தக் குறியீட்டு நிலையை, 2187 செட்டிங்குக்குப் பதில் 127 செட்டிங்கில், செட்டிங்குக்கு 100 ஷாட் மட்டும் எடுத்து மீட்டிருக்கிறார்கள். 2017-இல் வெளியான சோதனை.

17 மடங்கு மிச்சம் நல்ல லாபம்தான். ஆனால் வளர்ச்சி இன்னும் அடுக்கு வளர்ச்சியே. அடுக்கில் பாதிதான் குறைகிறது. 20 க்யூபிட்டுக்கு இதுவும் உதவாது. ஐந்திலிருந்து எட்டு க்யூபிட் வரை, முழு அணியும் கட்டாயம் வேண்டும் என்ற குறுகிய இடத்தில்தான் இதற்கு வேலை. அந்த இடத்தில் நிற்பவர்கள் மிகச் சிலர்.

இரண்டாவது ஊகம்: க்யூபிட்டுகள் ஒரு வரிசையில் நிற்கின்றன, பின்னல் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து க்யூபிட்டுகளுக்குள். அப்படியென்றால் மூன்று மூன்றாக அடுத்தடுத்த க்யூபிட்டுகளை மட்டும் அளந்து, துண்டுகளைக் கோத்து முழு நிலையைக் கட்டலாம். கிரேமரும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் தந்த வழி இது. அச்சுகளின் வரிசையை மூன்று க்யூபிட்டுக்கு ஒருமுறை அப்படியே மறுபடி போட்டால், எத்தனை நீள வரிசைக்கும் 3³, அதாவது 27 செட்டிங் போதும். 2017-இல் இன்ஸ்புரூக்கில் லேன்யனும் குழுவினரும் 14 அயனி வரை இதைச் செய்து காட்டினார்கள். மேலே சொன்ன 300 நாள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொரு நல்ல குணம்: கட்டிய நிலைக்கும் உண்மை நிலைக்கும் உள்ள ஃபிடெலிட்டி குறைந்தபட்சம் இவ்வளவு என்று அதே தரவிலிருந்தே சான்றிதழ் எடுக்கலாம். ஊகம் தவறாக இருந்தால் சான்றிதழ் எண் சரிந்துவிடும், ஏமாற்றாது.

ஆனால் ஒரு நிலையிடம் இது முழுதாகத் தோற்கும். ஜி.எச்.இசட். நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா க்யூபிட்டும் 0, எல்லா க்யூபிட்டும் 1 ஆகிய இரண்டின் மேற்பொருந்தல் (சூப்பர்பொசிஷன்). அதிலிருந்து எந்த மூன்று க்யூபிட்டை எடுத்துப் பார்த்தாலும், பாதி நேரம் 000, பாதி நேரம் 111 என்று நாணயம் சுண்டித் தயாரித்த சாதாரணக் கலவையைப் போலவே இருக்கும். பின்னல் முழுவதும் எட்டு க்யூபிட்டும் சேர்ந்த ஒட்டுறவில் ஒளிந்திருக்கிறது. மூன்று மூன்றாகப் பார்ப்பவருக்கு அது கண்ணிலேயே படாது. டபிள்யூ நிலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் பின்னல் இரண்டிரண்டு க்யூபிட் மட்டத்திலேயே தெரிந்துவிடும். இன்ஸ்புரூக்கின் அந்த 2005 சோதனையை இன்று செய்தால் இந்த வழி கைகொடுக்கும். ஜி.எச்.இசட். செய்பவர் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

நரம்பு வலைப்பின்னல் கொண்டு நிலையைக் கற்பிக்கும் வழியும் 2018-இலிருந்து பேசப்படுகிறது. தூய நிலைகளில், சிமுலேஷனில், அழகாக வேலை செய்கிறது. எப்போது சறுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாதவரை நான் அதை முதன்மை முறையாக வைக்க மாட்டேன்.

ஒரே எண் போதுமென்றால்

ஜி.எச்.இசட். செய்பவர் என்ன செய்யலாம்? அவருக்கு இலக்கு தெரியும். வேண்டியது ஃபிடெலிட்டி என்ற ஒரே எண். 65,535 எண்களைக் கண்டுபிடித்து, பிறகு அவற்றை ஒரே எண்ணாகச் சுருக்குவானேன்?

2011-இல் ஃப்ளாமியாவும் லியுவும் ஒருபுறம், ட சில்வா, லாண்டன்-கார்டினல், பூலான் மூவரும் இன்னொருபுறம், தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தார்கள். எட்டு க்யூபிட் ஜி.எச்.இசட். நிலையை மாற்றாமல் விடும் பௌலி பெருக்கல்கள் 256 உண்டு. ஃபிடெலிட்டி என்பது அந்த 256-இன் சராசரிகளுக்கும் சராசரி. அவ்வளவுதான். எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லை. குலுக்கி ஒன்றை எடுத்து ஒரே ஷாட், மறுபடி குலுக்கி இன்னொன்றை எடுத்து ஒரே ஷாட். விடை +1 அல்லது −1. உண்மையான ஃபிடெலிட்டி 0.9 என்றால், 1000 ஷாட்டில் திட்டப்பிழை 0.014. க்யூபிட் எட்டானாலும் ஐம்பதானாலும் இந்த 1000 மாறாது! ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அதேதான். பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. குலுக்கலில் கள்ளம் கூடாது.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் செட்டிங் மாற்றுவது உங்கள் கருவியில் சிரமம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஜி.எச்.இசட்., டபிள்யூ இரண்டுக்கும் க்யூபிட் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் செட்டிங் வைத்தால் ஃபிடெலிட்டியைத் துல்லியமாக எடுத்துவிடலாம் என்று 2007-லேயே குனேயும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். எட்டு க்யூபிட் ஜி.எச்.இசட்.-க்கு இசட் அச்சில் ஒரு செட்டிங், எக்ஸ்-ஒய் தளத்தில் எட்டுக் கோணங்கள், மொத்தம் ஒன்பது. நடைமுறையில் நான் இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

இதன் குறை என்ன என்பதும் தெளிவு. கையில் கிடைப்பது ஒற்றை எண். 0.85 என்று வந்தால் ‘மிச்சம் 0.15 எங்கே போனது?’ என்று அது சொல்லாது. கட்ட (ஃபேஸ்) உறவு சிதைந்ததா, ஒரு க்யூபிட் மட்டும் மக்கர் செய்கிறதா, எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறதா? கருவியைச் சீர்செய்ய வேண்டியவருக்கு இந்த விவரம்தான் முக்கியம். மேலும், கட்டமைப்பு ஏதும் இல்லாத ஏதோ ஒரு நிலையை இலக்காக வைத்தால் 1000 ஷாட் என்ற சலுகை கிடையாது. செலவு மறுபடி அடுக்கு வளர்ச்சிக்குப் போய்விடும்.

நிழல்கள்

‘என்ன கேட்கப் போகிறேன் என்று இப்போது தெரியாது, ஆனால் நிறையக் கேட்பேன்’ என்பவருக்கானது கிளாசிக்கல் ஷேடோ, சுருக்கமாக நிழல். ஆரன்சன் 2018-இல் விதைத்த கருத்தை, ஹுவாங், குவெங், பிரெஸ்கில் மூவரும் 2020-இல் லேபில் செய்யக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

செய்முறை எளிது. ஒவ்வொரு ஷாட்டிலும் ஒவ்வொரு க்யூபிட்டுக்கும் எக்ஸ், ஒய், இசட்டில் ஒன்றைக் குலுக்கி எடுத்து அளக்கவும். வந்த விடையிலிருந்து அந்த க்யூபிட்டுக்கு ஒரு சிறு அணி எழுதவும். இசட்டில் அளந்து ‘0’ வந்தால், மூலைவிட்டத்தில் 2, −1. மற்ற இடங்களில் 0. தனியாகப் பார்த்தால் அர்த்தமே இல்லாத அணி இது. ஆனால் ஆயிரக்கணக்கில் சராசரி எடுத்தால் உண்மை நிலையில் போய் நிற்கும். சராசரி எடுத்து முழு அணியைக் கட்டுவதில்லை என்பதுதான் இதில் சூட்சுமம். தேவைப்படும் அளவுகளை மட்டும் துண்டுகளிலிருந்து நேரே கணக்கிடுகிறோம். கேட்கப்படும் அளவுகளின் எண்ணிக்கை கூடினால் ஷாட் மடக்கை வேகத்தில்தான் கூடும்.

எட்டு க்யூபிட்டில் இரண்டிரண்டு க்யூபிட்டுகளுக்கான பௌலி ஒட்டுறவுகள் எத்தனை? 28 ஜோடி, ஜோடிக்கு 9, மொத்தம் 252. 9000 ஷாட் எடுத்தால், ஒவ்வோர் ஒட்டுறவுக்கும் ஒன்பதில் ஒரு பங்கு ஷாட் பொருந்தும், சராசரியாக 1000. 252 எண்களும் 0.03 திட்டப்பிழையோடு கையில். முழு டோமோகிராஃபியின் 6,56,100-க்கு முன்னால் இது ஒன்றுமேயில்லை.

அதே 9000 ஷாட்டை வைத்துக்கொண்டு எட்டு க்யூபிட்டும் சேர்ந்த ஓர் ஒட்டுறவைக் கேட்டால்? பொருந்தும் ஷாட் 6561-இல் ஒன்று. ஒன்றோ இரண்டோ கிடைக்கும். ஆகவே ஜி.எச்.இசட். பின்னலை இந்த நிழலில் தேடுவது வீண். கிளிஃபோர்ட் எனப்படும் ஒருவகைக் குவாண்டம் சுற்றுகளைக் குலுக்கிப் போடும் இன்னொரு வகை நிழல் ஃபிடெலிட்டிக்கு நல்லது என்று கோட்பாடு சொல்கிறது. ஆனால் அளப்பதற்கு முன் எட்டு க்யூபிட்டுக்கும் ஒரு நீளமான சுற்றைப் போட வேண்டும். அந்தச் சுற்றின் பிழை, அளக்க வந்த பிழையைவிடப் பெரிதாகிவிடலாம். இன்றைய கருவிகளில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஜோடி ஒட்டுறவுகள்தான் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் குலுக்கலும் வேண்டாம். கோட்லரும் வில்செக்கும் 2020-இல் சொன்ன உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. க்யூபிட்டுகளுக்கு 0 முதல் 7 வரை எண் கொடுத்து, இரும எண்ணாக எழுதுங்கள், மூன்று இலக்கம். முதல் இலக்கம் 0 உள்ளவை எல்லாம் எக்ஸ், 1 உள்ளவை எல்லாம் ஒய் என்று ஒரு செட்டிங். இப்படி வெவ்வேறு அச்சு ஜோடிகள் ஆறு, இலக்கங்கள் மூன்று: 18 செட்டிங். எல்லா க்யூபிட்டும் ஒரே அச்சில் என்று இன்னொரு மூன்று. இரண்டு வெவ்வேறு எண்கள் ஏதாவது ஓர் இலக்கத்திலாவது வேறுபட்டே ஆக வேண்டும் என்பதால், 21 செட்டிங்கில் 252 ஒட்டுறவுகளும் அடங்கிவிடுகின்றன. செட்டிங்குக்கு 400 ஷாட் என்றால் 8400 ஷாட்; ஒவ்வோர் ஒட்டுறவுக்கும் குறைந்தது 400 ஷாட், திட்டப்பிழை அதிகபட்சம் 0.05.

ஷாட் கணக்கில் நிழல் கொஞ்சம் முந்துகிறது. செட்டிங் கணக்கில் இது பல நூறு மடங்கு முந்துகிறது. இணையம் வழியே வேறெங்கோ இருக்கும் மீகடத்திக் கருவியில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு செட்டிங்கும் புதிதாகத் தொகுத்து அனுப்ப வேண்டிய ஒரு சுற்று. அவருக்கு 21 போதும். கட்டுப்பாட்டுப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, ஷாட்டுக்கு ஷாட் அச்சை மாற்ற முடிகிறவர் தாராளமாகக் குலுக்கலாம்.

எல்லா முறையையும் ஒரே மாதிரி ஏமாற்றும் பிழை

இத்தனை ஒப்பீட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு க்யூபிட்டின் விடையையும் படிக்கும்போது 100-க்கு 2 முறை 0-வை 1 என்றோ 1-ஐ 0 என்றோ கருவி தவறாகப் படிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு க்யூபிட் சராசரி 0.96 மடங்காகச் சுருங்கும், பெரிதாகத் தெரியாது. எட்டு க்யூபிட் ஒட்டுறவு 0.96-இன் எட்டாம் அடுக்காக, அதாவது 0.72 மடங்காகச் சுருங்கும். அப்பழுக்கில்லாத ஜி.எச்.இசட். நிலையை வைத்திருந்தாலும் அதன் முக்கியமான ஒட்டுறவு 0.72 என்றுதான் தெரியும்.

முழு டோமோகிராஃபி, நேரடி ஃபிடெலிட்டி, நிழல் எதுவானாலும் இந்தக் குற்றத்தை நிலையின் தலையில்தான் கட்டும். ஷாட்டைக் கூட்டினால் தவறான எண் இன்னும் துல்லியமாக வரும், அவ்வளவே. ஆகவே முதலில் எல்லா க்யூபிட்டையும் 0-விலும் 1-லும் தயாரித்து, படிக்கும் பிழையை அளந்து திருத்தம் போட வேண்டும். நிழல் முறைக்கு இந்தத் திருத்தத்தை உள்ளேயே சேர்த்த வடிவமும் 2021-இல் வந்துவிட்டது. அச்சைத் திருப்பும் கேட்டுகளே (க்யூபிட் மீது செய்யும் செயல்கள்) பிழை செய்தால் நிலைமை இன்னும் மோசம். நிலை, கேட், அளவீடு மூன்றையும் சேர்த்தே மதிப்பிடும் கேட் செட் டோமோகிராஃபி அதற்குத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒன்றிரண்டு க்யூபிட் வேலை.

எட்டு க்யூபிட் கருவியும் அரை நாள் இயந்திர நேரமும் எனக்குக் கிடைத்தால் இப்படித்தான் பங்கிடுவேன். படிக்கும் பிழைக்கு முதல் நேரம். அடுத்து, பக்கத்துப் பக்கத்து ஜோடிகளை மட்டும் பின்னி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு க்யூபிட் முழு டோமோகிராஃபி. கேட்டுகளில் எது மட்டம் என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு இலக்கு நிலையைத் தயாரித்து, ஜி.எச்.இசட். என்றால் ஒன்பது செட்டிங்கில் ஃபிடெலிட்டி. வரிசையில் பரவும் நிலை என்றால் 27 செட்டிங்கும் சான்றிதழும். ஃபிடெலிட்டி எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் மட்டும் 21 செட்டிங் ஜோடி ஒட்டுறவுகளுக்குப் போவேன், எந்த ஜோடி கெடுக்கிறது என்று பார்க்க. இடையிடையே முதல் செட்டிங்கைத் திரும்ப ஓட்டி, கருவி நகர்ந்திருக்கிறதா என்று சரிபார்ப்பேன். எட்டு க்யூபிட் முழு அணி இந்தப் பட்டியலில் இல்லை.

தரவைச் சேமிக்கும் விதத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். பலர் செட்டிங்குக்கு ஒரு சராசரியை மட்டும் எழுதி வைத்துவிட்டு ஷாட்டுகளை அழித்துவிடுகிறார்கள். எந்த நேரத்தில் எந்த செட்டிங், எட்டு க்யூபிட்டும் என்ன விடை தந்தன என்று ஷாட் ஷாட்டாக வைத்திருந்தால், அதே தரவில் நேரியல் மதிப்பீடும் பேய்ஸும் நாளை வரும் புதிய முறையும் ஓட்டிப் பார்க்கலாம். இன்ஸ்புரூக்கின் 6,56,100 ஷாட்டுகளின் விடைகளுக்கு, ஷாட்டுக்கு ஒரு பைட் வீதம், ஒரு மெகாபைட்கூட ஆகாது.